மிஸ்ஸிமார் ஏன் எரிந்து விழுகிறார்கள்?

9 ஜூன் 2024, இரவு 8.15 (கேள்வி: வெல்லாவெளிப் பக்கத்து வாசகர் ஒருவர்)

போன கிழமை அம்மாவை கிளினிக்குக் கொண்டு போனேன். விடியப்புறம் நாலரைக்கு எழும்பி முதல் பஸ் பிடித்துப் போன ஆட்கள் நாங்கள். மருந்து எப்போது தருவீர்கள் என்று அம்மா இரண்டாம் தரம் கேட்டதற்கு ஒரு மிஸ்ஸி (தாதி) எரிந்து விழுந்தார். அம்மா வீடு வரும்வரை பேசவில்லை. இவர்களுக்குச் சம்பளம் இருக்கிறது, ஓவர்டைம் இருக்கிறது. இப்போது இவர்களுக்கு மன அழுத்தம் என்று யோகா வேறு பழக்குகிறார்களாம். முதலில் மரியாதை பழக்க வேண்டாமா?

9 ஜூன், இரவு 11.50

உங்கள் அம்மாவிடம் அப்படிப் பேசியது பிழை. அதில் எனக்கு மறுபேச்சில்லை.

நான் 2003 இலிருந்து தாதி. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் வேலை செய்திருக்கிறேன். கடைசி ஆறு வருடமாக ஒரு வாட்டுக்குப் பொறுப்பு. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன், சொல்லப் போகிற கதைகளில் மற்றவர்களும் இருக்கிறார்கள்.

அந்த மிஸ்ஸிக்கு மரியாதை தெரியாது என்று நான் நினைக்கவில்லை. மூன்று வருடம் படித்து முடித்து வேலைக்கு வந்த முதல் மாதத்தில் அவரை நீங்கள் பார்த்திருந்தால், கட்டில் கட்டிலாகப் போய் "சாப்பிட்டீங்களா அம்மா" என்று கேட்டுக்கொண்டு திரிந்திருப்பார். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வருகிறார்கள்.

என்னுடைய கதையைச் சொல்கிறேன். 2017, டெங்கு பெருகிய வருடம். நாடு முழுக்க 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் பதிவானது. எங்கள் வாட்டில் கட்டில் போதாமல் நிலத்திலும் பாய் போட்டிருந்தோம். வாகரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய், மகனுக்குப் பக்கத்தில் நின்றவர், "மகள், புள்ளைக்கு சேலைன் ஏறுதா?" என்று மூன்றாம் தரம் கேட்டார். "எத்தனை தரம் சொல்றது, போய் இருங்க" என்று கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சுவரோரமாகப் போய் இருந்தார். வாட்டே பார்த்தது. எனக்கு வெட்கமும் வரவில்லை, கவலையும் வரவில்லை. வீட்டுக்குப் போய் முழுகிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கும்போதுதான், ஒன்றுமே வரவில்லையே என்று பயம் பிடித்தது.

அந்தத் தாயை நான் பிறகு காணவில்லை. பிள்ளை சுகமாகிப் போனான் என்பது மட்டும் தெரியும்.

10 ஜூன், இரவு 9.20

சொல்லைப் பற்றி ஒரு விஷயம். மேலே சொன்ன நிலைக்கு, வேலையால் மனம் வற்றிப்போவதற்கு, ஆங்கிலத்தில் பர்ன் அவுட் என்று பெயர். அதை "மனச்சோர்வு" என்று பலர் எழுதுகிறார்கள். அது டிப்ரஷனுக்கு உள்ள சொல். இரண்டையும் கலந்தால் குழப்பம்தான் வரும். எங்கள் பக்கத்தில் "மனம் விட்டுப் போச்சு" என்பார்கள். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. உடம்பில் இன்னும் பலம் இருக்கலாம், மனம்தான் பிடியை விட்டுவிடுகிறது.

1974 இல் ஹெர்பெர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் நியூயோர்க்கில் ஒரு இலவச கிளினிக்கில் வேலை செய்தவர்களைப் பார்த்து இதை எழுதினார். அவரும் அவர்களில் ஒருவர். 1981 இல் கிறிஸ்டினா மஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் இதை அளக்க 22 வசனங்கள் கொண்ட ஒரு படிவம் செய்தார்கள். அது மூன்று விஷயத்தைப் பார்க்கிறது: உள்ளே ஒன்றும் மிச்சமில்லாத களைப்பு, நோயாளியை ஆளாகப் பாராமல் ஒரு கட்டில் நம்பராகப் பார்ப்பது, நான் செய்வதால் என்ன பிரயோசனம் என்ற நினைப்பு. 2017 இல் எனக்கு மூன்றும் இருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இதை ஒரு நோயாக ஏற்றுக்கொண்டது.

12 ஜூன், காலை 6.05

மேலே கடைசி வசனம் பிழை. ஒரு டொக்டர் எழுதித் திருத்தியிருக்கிறார், அவருக்கு நன்றி. அந்த நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் பர்ன் அவுட் இருக்கிறது, ஆனால் நோய் என்று இல்லை. "தொழில் சார்ந்த நிகழ்வு" என்றுதான் போட்டிருக்கிறார்கள். சரியாகக் கையாளப்படாத, நீண்ட நாள் வேலை அழுத்தத்தால் வருவது என்று.

நேற்று முழுக்க இந்த வித்தியாசத்தை யோசித்துக்கொண்டு வேலை செய்தேன். நோய் என்றால் என்னை ஒரு கட்டிலில் போட்டு எனக்கு மருந்து தர வேண்டும். தொழிலால் வருவது என்றால் மருந்து வேலையிடத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். வாசகர் யோகாவைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் இதிலேயே வந்துவிடுகிறது. யோகா நல்லது, நானும் செய்கிறேன். ஆனால் 2017 இல் என் மேலதிகாரி எனக்கு யோகா பழக்கியிருந்தால், நிலத்தில் பாய் அப்படியேதான் இருந்திருக்கும், நைட்டுக்கு இரண்டு பேர்தான் இருந்திருப்போம்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து மரியா பனகியோட்டியும் அவருடைய குழுவும் 2017 இல் டொக்டர்மாரைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தனி ஆளுக்குப் பயிற்சி கொடுப்பதைவிட, நிறுவனம் தன் வேலை முறையை மாற்றுவது கூடுதல் பலன் தருகிறது என்று கண்டார்கள். இரண்டிலும் பலன் பெரிதில்லை என்பதையும் சொன்னார்கள். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

15 ஜூன், பின்னேரம் 4.30

"சரி, என்ன மாற்ற வேண்டும்?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன்: ரொஸ்டர்.

வெளியாருக்கு: தாதியருக்குக் காலை 7 முதல் 1 வரை ஒரு டியூட்டி, 1 முதல் இரவு 7 வரை ஒன்று, 7 முதல் விடிய 7 வரை நைட். இதை யார் எப்போது செய்வது என்ற தாள்தான் ரொஸ்டர். நான் பொறுப்பெடுத்தபோது அது மாதக் கடைசி இரவில்தான் ஒட்டப்படும். ஒட்டிய பிறகும் பேனையால் வெட்டுவோம். யாராவது வராவிட்டால் ஓஃபில் நிற்கிறவருக்குப் போன். "ஓஃப்" என்று தாளில் இருக்கும், ஆனால் வீட்டில் அவர் போனைப் பார்த்தபடியே இருப்பார். ஒரு பிள்ளை என்னிடம் சொன்னாள்: "சிஸ்டர், நான் ஓஃப் நாளில் முழுகப் போனாலும் போனைக் கிணற்றுக்கட்டில் வைச்சுப்போட்டுத்தான் முழுகுறன்." அந்தப் போனை அடித்தவள் நான்தான்.

மாற்றியது இவ்வளவுதான். ஆறு கிழமைக்கு முன்பே ரொஸ்டர் ஒட்டப்படும். வாட்டில் ஒரு மாற்றுக் கொப்பி இருக்கும். இரண்டு பேர் தங்களுக்குள் பேசி நாளை மாற்றிக் கையெழுத்துப் போடலாம். அனுபவமுள்ள ஒருவர் அந்த நேரத்தில் இருக்கிறாரா என்று மட்டும் பார்ப்பேன், காரணம் கேட்கமாட்டேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒருவர் "காத்திருப்பு" என்று முன்கூட்டியே பெயர் போட்டு வைப்போம்; கூப்பிட்டால் அவருக்குப் பதில் நாள் உண்டு. மற்ற யாருக்கும் ஓஃப் நாளில் போன் அடிப்பதில்லை. வெள்ளம், பெரிய விபத்து என்றால் வேறு.

இதை நான் தனியாகச் செய்யவில்லை. காத்திருப்புக்கு ஆள் வேண்டுமே. அமைதியான ஒரு பிரிவிலிருந்து இரண்டு பேரை எங்கள் வாட்டுக்கு மாற்ற, ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான அத்தியட்சகர் ஒத்துக்கொண்டபடியால்தான் நடந்தது. அவர் முதலில் மறுத்தார். ஆறு மாத லீவுப் பதிவைக் கொண்டுபோய்க் காட்டினேன்: திடீர் சுகயீன லீவில் கூடியது, நைட்டைத் தொடர்ந்து டியூட்டி போட்ட நாட்களில். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு கையெழுத்துப் போட்டார்.

17 ஜூன், இரவு 8.40

இன்று ஹஜ்ஜுப் பெருநாள். ஏழு முஸ்லிம் தங்கச்சிமாரில் ஆறு பேர் வீட்டில். காலையில் நாங்கள் நின்றோம். பதினொரு மணிக்கு காத்தான்குடியிலிருந்து ஒரு பெரிய சட்டி வட்டிலப்பம் வாட்டுக்கு வந்தது. எழுத வேறு ஒன்றுமில்லை, நல்ல நாள்.

18 ஜூன், இரவு 10.00

நேற்று எழுதியதைப் பார்த்து, "மற்றப் பெருநாட்களில் என்ன செய்வீர்கள்" என்று கேட்கிறீர்கள். இதை விளக்க இந்த வருட ஏப்ரல்தான் சரி. நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. எங்கள் வாட்டில் ஏழு முஸ்லிம், ஒன்பது தமிழ், இரண்டு சிங்களப் பிள்ளைகள். புத்தாண்டு தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே நாள். பெருநாளோ பிறை பார்த்துத்தான் தீரும், முதல் நாள் இரவுவரை எந்த நாள் என்று தெரியாது. தாளில் எப்படி எழுதுவது?

நான் எழுதவில்லை. மாசி நடுவிலேயே எல்லாரையும் கூப்பிட்டு, தாளையும் பென்சிலையும் நடுவில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அரை மணி நேரம் சத்தம் கேட்டது. பிறகு முடிவோடு வந்தார்கள். பிறை பார்க்கும் இரண்டு நாளுக்கும் தமிழ்ப் பிள்ளைகள் காத்திருப்பு. புத்தாண்டுக்கு முஸ்லிம் பிள்ளைகளோடு மூன்று கிறிஸ்தவப் பிள்ளைகளும் நிற்கிறோம் என்றார்கள், அவர்கள் ஈஸ்டருக்கு லீவு எடுத்திருந்தார்கள். நோன்பு மாதம் முழுக்க, நோன்பு திறக்கும் நேரத்தில் கால் மணித்தியாலம் கட்டில்களை மற்றவர்கள் பார்ப்பது என்றும் தாங்களாகவே எழுதியிருந்தார்கள். நான் எழுதியிருந்தால் யாராவது ஒருவர் என்னிடம் கோபித்திருப்பார். அவர்களே எழுதியபடியால் யாரும் கோபிக்கவில்லை.

23 ஜூன், காலை 10.15

கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி காரமாக எழுதியிருக்கிறார்: ஆளில்லாத இடத்தில் ரொஸ்டரை எப்படி எழுதினால் என்ன, இருக்கிற நான்கு பேர்தானே ஓட வேண்டும் என்று.

தம்பி, நீங்கள் சொல்வது சரி. 15ஆம் திகதி எழுதியதை இன்று வாசித்தபோது, ரொஸ்டரே எல்லாவற்றுக்கும் மருந்து என்பது போல இருக்கிறது. அப்படி இல்லை. நாட்டின் பொருளாதாரம் விழுந்த 2022 இல் எங்கள் ரொஸ்டர் நல்லபடியாகத்தான் இருந்தது, ஆனால் ஆட்கள் வெளிநாடு போனார்கள், மருந்து இல்லை, பெற்றோல் இல்லை. ஒரு டொக்டர் களுவாஞ்சிகுடியிலிருந்து சைக்கிளில் வந்தார்.

அந்த வருடத்தில் எங்களை உடைத்தது ஓட்டம் இல்லை. ஒரு நாளைக்கு இருபது தரம் "இல்லை" என்று சொன்னதுதான். "இந்த ஊசி இங்கே இல்லை, வெளியே வாங்கி வாங்க." அந்த அப்பாவின் கையைப் பார்த்தாலே தெரியும், கூலி வேலைக் கை. வாங்கமாட்டார் என்று தெரிந்துகொண்டே துண்டை எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் செய்ய முடியாமல் நிற்பது, இரவு முழுக்க ஓடுவதைவிடக் கடினம்.

அப்போது நிர்வாகம் செய்யக்கூடியதாக இருந்த ஒன்று, காலையில் எங்களுக்கு உண்மையைச் சொல்வது: இன்று எது இருக்கிறது, எது இல்லை, எப்போது வரும், ஏழைக்கு யாரைக் கேட்கலாம். சில மாதம் அது நடக்கவில்லை, நோயாளிக்கு முன்னால் நின்றபோதுதான் எங்களுக்கே தெரியவந்தது. பிறகு மருந்தாளர் ஒருவர் தானாகவே தினமும் எட்டு மணிக்குக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். ஒரு சோக்கட்டிதான். வாட்டில் சண்டை அரைவாசியாகக் குறைந்தது என்பேன். அளக்கவில்லை, என் காதுக்குத் தெரிந்தது.

30 ஜூன், இரவு 9.10

சின்ன விஷயங்கள் என்று யாரும் எழுதாததை எழுதுகிறேன்.

பின்னேர டியூட்டி இரவு 7க்கு முடியும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து வருகிற பிள்ளைகள் அதற்குப் பிறகு போகும் ரோட்டில் யானை நிற்கும். மண்டூரிலிருந்து வருகிறவருக்குக் குருமண்வெளித் துறையால் வாவியைக் கடந்து வந்தால் கிட்ட, ஆனால் ராத்திரியில் அந்த வழி உதவாது. அந்தப் பிள்ளைக்கு ஆறு மணியிலிருந்தே மனம் வாட்டில் இருக்காது. அவளுக்கு மன அழுத்தம் பற்றிய விரிவுரை எதற்கு? ஏழேகாலுக்கு ஒரு வான் போதும். அல்லது பின்னேரத்தோடு சேர்த்து இரவு தங்க, உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை.

நைட் ஆட்களுக்கு அறை: மின்விசிறி, நுளம்புவலை, தண்ணீர் வரும் கழிவறை. கன்டீன் எட்டுக்குப் பூட்டினால் விடிய ஏழுவரை பிளேன்டீயும் பிஸ்கட்டும்தான். ஒரு கேத்தலும் ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டியும் வைத்துத் தந்த அத்தியட்சகரை எங்கள் வாட்டில் இன்னும் பெயர் சொல்லி வாழ்த்துகிறார்கள். அவர் மாற்றலாகிப் போய் ஐந்து வருடம்.

6 ஜூலை, இரவு 11.30

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு கிழமை யோசித்தேன்.

பல வருடத்துக்கு முந்தியது, நான் பொறுப்பில் இல்லாத காலம், வேறு ஆஸ்பத்திரி. ஒரு இளம் பிள்ளை பின்னேரமும் நைட்டும் சேர்த்துச் செய்தாள். பதினெட்டு மணித்தியாலம். விடிய ஐந்து மணிக்குப் பக்கத்துக் கட்டில்காரரின் ஊசியை எடுத்துக்கொண்டு போனாள். நோயாளியே "இது எனக்குரியதா மகள்?" என்று கேட்டபடியால் நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காலையில் எல்லாருக்கும் முன்னால் வைத்து அவளை ஏசினார்கள். பதினெட்டு மணித்தியாலம் போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் நின்றேன், நானும் கேட்கவில்லை.

பொஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி டொக்டர்மாரை வைத்துச் செய்த ஆய்வு 2004 இல் வந்தது. 24 மணித்தியாலத்துக்கு மேல் நீளும் பழைய முறையில் வேலை செய்தபோது அவர்கள் விட்ட பாரதூரமான பிழைகள், நேரத்தைக் குறைத்த முறையைவிட 36 சதவீதம் கூடுதலாக இருந்தன. அதே டொக்டர்மார்தான், மாறியது நேரம் மட்டும். எங்கள் ஹவுஸ் ஒபிசர்மாரை, படித்து முடித்து வந்த பயிற்சி டொக்டர்மாரை, நினைத்துப் பாருங்கள், ஆறு மாதம் ஒரு பிரிவு, ஆறு மாதம் இன்னொன்று, அந்த ஒரு வருடத்தில் சில பிள்ளைகளின் முகமே மாறிவிடும்.

2000 இல் அல்பர்ட் வூ என்ற டொக்டர் "இரண்டாவது பாதிக்கப்பட்டவர்" என்று ஒரு சொல்லை எழுதினார். முதல் பாதிக்கப்பட்டவர் நோயாளி. இரண்டாவது, பிழை விட்டுவிட்டுத் தனியாக நிற்கும் ஊழியர். அந்தச் சொல்லைப் பற்றி இரண்டு மனம் எனக்கு உண்டு. பிள்ளையை இழந்த ஒரு தாய்க்கு முன்னால் நானும் பாதிக்கப்பட்டவள் என்று சொல்ல வாய் வராது. ஆனால் அந்தப் பிள்ளை அன்று கழிவறையில் நின்று வாய் பொத்தி அழுததை நான் கேட்டேன்.

அவள் ஆறு மாதத்தில் வேலையை விட்டாள்.

7 ஜூலை, காலை 5.40

நித்திரை வரவில்லை. நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். அன்று நான் ஏன் கேட்கவில்லை என்றால், அடுத்த ரொஸ்டரில் எனக்கு என்ன விழும் என்ற பயம். பிழையைச் சொன்னால் தண்டனை என்ற இடத்தில் யாரும் பிழையைச் சொல்லமாட்டார்கள், நேரத்தைப் பற்றியும் கேட்கமாட்டார்கள்.

இன்னும் பழையது. 2004 மார்கழி 26. நான் வேலைக்கு வந்து ஒரு வருடம். கல்லடி, நாவலடி, கல்முனை, மருதமுனை என்று கரை முழுக்க சுனாமி அடித்துப்போனது உங்களுக்குத் தெரியும். மூன்று நாள் வீட்டுக்குப் போகவில்லை. எங்களோடு நின்ற ஒரு அக்கா, தன் வீட்டு ஆட்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் மற்றவர்களின் பிள்ளைகளுக்குத் தையல் போட உதவிக்கொண்டிருந்தார். நான்காம் நாள்தான் அவருக்குச் செய்தி வந்தது. மாசி மாதத்தில் எல்லாரும் வழமையான டியூட்டி. பிறகு எங்களை இருத்தி, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்" என்று ஒருவரும் கேட்டதில்லை. 2011 வெள்ளத்திலும் அப்படித்தான். ஊழியர்களின் வீட்டுக்குள்ளேயும் தண்ணீர் நின்றது. சனத்துக்கு ஆற்றுப்படுத்துநர்கள் வந்தார்கள், அது வேண்டியதுதான். வெள்ளைச் சட்டை போட்டவர்களும் அதே ஊர்ச் சனம் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை.

20 ஜூலை, பின்னேரம் 5.00

எங்கள் வாட்டில் வியாழக்கிழமைகளில் தேத்தண்ணியோடு இருந்து பேசுகிறோம். அதைப் பற்றிக் கேட்டவருக்கு.

அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் 74 டொக்டர்மாரை வைத்து ஒரு பரீட்சை செய்தார்கள், 2014 இல் வந்தது. இரண்டு கிழமைக்கு ஒரு மணி நேரம், ஒன்பது மாதம். ஒரு பகுதியினர் சின்னக் குழுவாக இருந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேசினார்கள். மற்றப் பகுதிக்கு அதே நேரம் சும்மா கொடுக்கப்பட்டது. குழுவாகப் பேசியவர்களுக்கு வேலையில் பொருள் இருக்கிறது என்ற உணர்வு கூடியது, நோயாளியை ஆளாகப் பாராத தன்மை குறைந்தது, பரீட்சை முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகும் அது நின்றது. என்னைப் பிடித்தது ஒன்று: அந்த ஒரு மணி நேரம் வேலை நேரத்திலிருந்து, சம்பளத்தோடு கொடுக்கப்பட்டது. ஓஃப் நாளில் வரச் சொல்லவில்லை.

நாங்கள் வியாழன் ஒன்றேகாலுக்கு இருக்கிறோம். காலை ஆட்களும் பின்னேர ஆட்களும் சந்திக்கும் நேரம், வாட்டில் ஆள் கூட. அரை மணித்தியாலம். டொக்டர்மார், சிற்றூழியர், யாரும் வரலாம். அந்தக் கிழமை யாராவது இறந்திருந்தால் அவரைப் பற்றிப் பேசுவோம். யார் பிழை என்று பேசுவதில்லை. முதல் இரண்டு வியாழன் ஒருவரும் வாய் திறக்கவில்லை, தேத்தண்ணி மட்டும் முடிந்தது. மூன்றாம் வியாழன், முப்பது வருடம் வேலை செய்த எங்கள் சிற்றூழியர் ஐயா, "நான்தான் எல்லா மையத்தையும் தள்ளிக்கொண்டு போறன், என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல" என்றார். மையம் என்றால் இறந்தவரின் உடல். அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை.

"பொறுப்புத் தாதி இருந்தால் பிள்ளைகள் உண்மை பேசுவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. மாதத்தில் ஒரு வியாழன் நான் போவதில்லை. அதைக் கூட்டவும் யோசிக்கிறேன்.

5 ஆகஸ்ட், இரவு 7.30

நேற்று ஆடி அமாவாசை. மாமாங்கத்தில் தீர்த்தம். அப்பாவுக்காக ஒவ்வொரு வருடமும் போக நினைப்பேன், பதினொரு வருடத்தில் மூன்று தரம்தான் போயிருக்கிறேன். நேற்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் குளத்தில் முழுகி, ஆறுதலாக வந்தோம். போன் பையில் இருந்தது. ஒரு தரமும் அடிக்கவில்லை. வாட்டில் இரண்டு பேர் வராமல் விட்டிருந்தார்கள் என்று இன்றுதான் தெரியும். காத்திருப்பில் இருந்தவரும் மாற்றுக் கொப்பியும் சமாளித்திருக்கிறார்கள்.

11 ஆகஸ்ட், இரவு 10.20

ரொஸ்டர் முறையில் ஒரு ஓட்டை இருந்ததை இங்கே சொல்லாமல் விட்டது நேர்மையில்லை. மாற்றுக் கொப்பி வந்த முதல் மூன்று மாதம், மூத்தவர்கள் கேட்டால் இளையவர்கள் மறுக்க முடியாமல் நல்ல நாட்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்து இரண்டும் இருந்தது, விருப்பம் ஒன்றுதான் இருந்தது. இப்போது மாதக் கடைசியில் யாருக்கு எத்தனை நைட், எத்தனை ஞாயிறு என்று எண்ணிச் சுவரில் ஒட்டுகிறோம். ஒருவரையும் ஏசத் தேவைப்படவில்லை. எண்ணிக்கையைப் பார்த்து மூத்தவர்களே இரண்டு பேர் நாளைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எழுத்து வேலையையும் எண்ணினோம். ஒரு இரவில் ஒரே நோயாளியின் பெயரை எத்தனை இடத்தில் எழுதுகிறோம் என்று பார்த்தால் ஏழு: டிக்கெட் (நோயாளியின் குறிப்பேடு), மருந்துத் தாள், ஊசிக் கொப்பி, சாப்பாட்டுப் பட்டியல், மிட்நைட் ரிப்போர்ட், கையளிப்புக் கொப்பி, இன்னுமொரு பதிவேடு. அந்த ஏழாவதை யார் வாசிக்கிறார்கள் என்று மேலே கேட்டோம். அங்கே யாருக்கும் தெரியவில்லை. நிறுத்திவிட்டோம். ஹவாயில் இப்படி, பிரயோசனமில்லாத பதிவுகளைச் சொல்லுங்கள் என்று ஊழியர்களிடமே கேட்டு, ஒரு வகைப் பதிவை மட்டும் எடுத்தபோது நான்கு ஆஸ்பத்திரிகளில் மாதத்துக்குச் சுமார் 1,700 தாதி மணித்தியாலம் மிஞ்சியது என்று 2018 இல் எழுதியிருந்தார்கள். அங்கே கணினி, இங்கே கொப்பி. ஆனால் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

18 ஆகஸ்ட், இரவு 9.45

தனிச் செய்தியில் ஒருவர் கேட்டதற்கு, பெயரில்லாமல் இங்கே பதில், இது பலருக்கும் உதவும்.

நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஏன் விடிகிறது என்று இருக்கிறது என்றால் அது ரொஸ்டரால் மட்டும் தீராது, உதவி எடுக்க வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். உங்கள் தயக்கமும் எனக்குப் புரிகிறது: சொந்த ஆஸ்பத்திரி மனநல கிளினிக்கின் வாங்கில் எப்படி இருப்பது, நம்பர் கூப்பிடுகிறவரே கூட வேலை செய்கிறவர். மட்டக்களப்பு சின்ன ஊர். ஆகவே நிர்வாகம் செய்ய வேண்டியது, வேறு ஆஸ்பத்திரியின் டொக்டர் ஒருவரோடு முன்கூட்டியே பேசி, ஊழியர் அங்கே போக லீவுக் காரணம் எழுதாமல் அரை நாள் கொடுப்பது. 2020 இல், நியூயோர்க்கில் வேலை செய்த லோர்னா பிரீன் என்ற அவசர சிகிச்சை டொக்டர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உதவி கேட்டால் தொழில் போய்விடும் என்ற பயம் அவருக்கு இருந்தது என்று குடும்பத்தவர் சொன்னார்கள். அவர் பெயரில் அங்கே 2022 இல் ஒரு சட்டம் வந்தது. இங்கே சட்டம் வரும்வரை பார்த்திருக்கத் தேவையில்லை. ஒரு அத்தியட்சகர் நினைத்தால் போதும்.

எழுதியவருக்கு: நாளை எனக்கு ஓஃப். பத்து மணிக்குப் பிறகு எந்த நேரமும் எடுங்கள்.

1 செப்டம்பர், காலை 9.00

வெல்லாவெளி வாசகர் திரும்ப வந்திருக்கிறார். அம்மாவை நேற்றும் கிளினிக்குக் கொண்டு போனாராம். அதே மிஸ்ஸி. இந்த முறை அவராகவே "விடியப்புறமே வந்தீங்களா அம்மா" என்று கேட்டாராம். ஏன் மாறினார் என்று தெரியாது என்று எழுதியிருக்கிறார். எனக்கும் தெரியாது. நல்லா நித்திரை கொண்டிருக்கலாம்.

நோயாளியின் ஆட்கள் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறார். இரண்டு சொல்கிறேன். காலை ஏழுக்கும் இரவு ஏழுக்கும் கையளிப்பு நடக்கும்போது அந்தக் கால் மணித்தியாலம் எங்களைக் கூப்பிடாதீர்கள், அப்போதுதான் உங்கள் அம்மாவைப் பற்றி ஒருவர் மற்றவருக்குச் சொல்கிறார். மற்றது, முறைப்பாடு எழுதும்போது நேரத்தையும் அன்று எத்தனை மிஸ்ஸி இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதினால் அந்தப் பிள்ளையை ஏசிவிட்டு முடித்துவிடுவார்கள். ஆள் எண்ணிக்கையும் இருந்தால் மேலே இருப்பவர் அதற்கும் பதில் எழுத வேண்டி வரும்.

வியாழன் எங்கள் வாட்டில் இன்னொரு ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பொறுப்புத் தாதிமார் மாற்றுக் கொப்பியைப் பார்க்க வருகிறார்கள். எண்ணிக்கைத் தாளையும் எடுத்து வைக்க வேண்டும், அதையும் கேட்டிருக்கிறார்கள்.